பானை வாயில் வைத்த கல்

அந்தக் காலத்தில், தவளை ஒரு வார்த்தை கேட்டால் மனிதன் நின்று பதில் சொல்லிவிட்டுப் போன காலத்தில், ஆண்டிஸ் மலைகளின் உயரத்தில் திதிகாக்கா ஏரிக்கரையில் கதாரி என்றொருவன் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைத்தான். நாணலோரத் தண்ணீரில் கைரா என்ற தவளை குடியிருந்தது. வழவழவென்ற தோல், ஓயாத வாய். கரைப்பாறையில் ஏறி உட்கார்ந்து, போவோர் வருவோரையெல்லாம் வம்புக்கு இழுக்கும்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. அப்படிப் பொய்த்தால் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தவளையொன்றைப் பானையில் விட்டு மலையுச்சியில் வைப்பார்கள். தாகத்தில் அது கத்தும். வானம் மனமிரங்கிப் பெய்யும். பானை நிரம்பியதும் தவளை விளிம்பைத் தாண்டி, வழிகிற தண்ணீரோடு ஏரிக்கு இறங்கிவிடும்.

அந்த முறை பானை சுமக்கும் பொறுப்பு கதாரிக்கு வந்தது. அவன் கைராவிடம் போய்க் கேட்டான்.

"வர்றேன் அண்ணே. ஆனா நாணலுக்குள்ள என் முட்டைங்க கிடக்கு. மழை பெஞ்சா மலைச்சேறு அங்கதான் வந்து படியும். நான் இருந்து காலால தள்ளி விடணும். இல்லேன்னா அதுங்களுக்கு மூச்சு முட்டிடும்."

"பானை நிறைஞ்சா நீ கீழே வந்துடப்போறே. என்னை நம்பு."

பாதி மலையில் கதாரிக்கு மூச்சு வாங்கியது. "நான் வேணா இறங்கி உன்னைச் சுமக்கட்டுமா?" என்றது கைரா பானைக்குள்ளிருந்து. கதாரி சிரித்துவிட்டான்.

உச்சியில் கைரா கத்தத் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் மேகம் திரண்டு மழை பிடித்துக்கொண்டது. கீழே ஊரே நனைந்து கூத்தாடியது. கதாரியின் செம்மண் வயலோ மலைச்சரிவில், மற்றவர்கள் வயலுக்கெல்லாம் மேலே இருந்தது. அங்கே விழுந்த தண்ணீர் நிற்காமல் ஓடியது. கதாரி உச்சியிலிருந்து வயலுக்கு இறங்கிவந்து விரலால் கிளறிப் பார்த்தான். அடியில் புழுதி. தவளை போய்விட்டால் மழையும் போய்விடுமே என்று அவன் மனம் அடித்துக்கொண்டது.

சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. மறுபடி மேலேறி, ஒரு தட்டைக்கல்லைத் தூக்கிப் பானை வாயில் வைத்தான்.

"அண்ணே! என்ன இது?"

"கொஞ்ச நேரம்தான். என் வயலும் நனையட்டும்."

"முட்டைங்க, அண்ணே!"

காதில் விழாதவன்போல அவன் இறங்கிப் போனான்.

கைரா கத்தக் கத்த மழை கொட்டியது. கல்லின் சந்து வழியாகத் தண்ணீர் இறங்கி, பானை மூச்சுவிட இடமில்லாமல் நிரம்பியது. கைரா உடம்பை உதறி உதறி, தோலாலேயே தண்ணீரிலிருந்து உயிரை உறிஞ்சியது. அதற்குக் கத்தக்கூட முடியாமல் போன பிறகுதான் மழை நின்றது.

விடிந்ததும் கதாரி ஓடிப்போய்க் கல்லைத் தூக்கினான். கைரா உயிரோடுதான் இருந்தது. ஆனால் அதன் தோல், பெரியவர் சட்டையைப் பிள்ளைக்குப் போட்டதுபோல், மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. அவன் அதைக் கையில் ஏந்தி இறங்கினான். வழியெல்லாம் அவனுக்கு மூச்சு இரைத்தது. கைரா ஒரு கேலியும் பேசவில்லை.

கரையில் ஊரார் கூடியிருந்தார்கள். நாணல் முழுக்கச் செஞ்சேறு.

"செம்மண்ணு நம்ம வயல்ல மட்டும்தானே?" என்றாள் அவன் மனைவி வாரா. அவன் கையிலிருந்த தவளையைப் பார்த்தாள்.

கைரா சேற்றுக்குள் நுழைந்து நெடுநேரம் துழாவியது. பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டியது.

"ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருக்கு. ஆழத்துக்குக் கொண்டுபோறேன்."

"கைரா, நான்..."

"உன் வயல் நனைஞ்சுதா அண்ணே?"

பதிலுக்குக் காத்திராமல் கைரா மூழ்கியது. தண்ணீர் மேல் ஒரு வளையம் விரிந்து அடங்கியது. ஊரார் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். வாராவும் போனாள். வெயில் ஏறும்வரை நின்றிருந்த கதாரியும், கடைசியில், தலையைத் தொங்கப்போட்டபடி நடந்தான்.

அன்று முதல்தான் அந்த ஏரித் தவளை தொளதொளத்த தோலோடு, அந்தத் தோலாலேயே மூச்சுவிட்டுக்கொண்டு, எண்ணிக்கையில் குறைந்துபோய் ஆழத்தில் கிடக்கிறது. மனிதன் நிற்கிற கரைக்கு வருவதே இல்லை.