செல்லாத இங்கிலீஷ்

நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்க தன் மேலதிகாரியான ஒரு வெள்ளைக்கார அம்மாவோடு சென்னைக்கு வந்திறங்கினார் டேன். பிறந்தபோது தண்டபாணி. வெளிநாடு போனதில் தமிழ் மறந்துவிட்டதாக இங்கிலீஷில் பீற்றிக்கொள்வார்.

நாகர்கோவில் ஜெபசெல்வியை அரைமணி நேரம் இங்கிலீஷில் குடைந்தார். அவளும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள். கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். அவள் எப்போதோ விண்ணப்பத்தோடு அனுப்பிய, இங்கிலீஷ் பரீட்சை பாஸான சர்ட்டிபிகேட், வெளிநாட்டில் அவர் மேஜையிலேயே கிடந்து காலாவதியாகிவிட்டதாம். இங்கிலீஷ் தெரியும் என்பதற்கு அத்தாட்சி இல்லையாம்.

ஜெபசெல்வி தமிழுக்கு மாறினாள். "அப்போ எனக்கு இங்கிலீஷ் தெரியாது. உங்களுக்குத் தமிழ் மறந்துபோச்சு. இனி நாம எதுல பேச, சார்?"

"திமிரு பிடிச்ச கழுதை, வாயை மூடிக்கிட்டு வெளிய போடி" என்றார் தண்டபாணி, பிசிறில்லாத தமிழில்.

அவர் என்ன சொன்னார் என்று அந்த அம்மா கேட்டார். ஜெபசெல்வி கழுதையைக்கூட விடாமல் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள்.

செல்லாத இங்கிலீஷ்தான். அந்த அம்மாவுக்கு நன்றாகவே புரிந்தது.