சாமியின் என்சைம்

“நம்பர் ஏறிடுச்சு, யாரோ விரதத்தைக் கெடுத்துட்டீங்க. நம்பர் ஏறிடுச்சு, யாரோ விரதத்தைக் கெடுத்துட்டீங்க.”

காலையிலிருந்து சதானந்தம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிரமத்தின் மூத்த சீடர். வேறு வேலை இல்லை.

நம்பர் என்றால் சாமியின் ரத்தத்தில் இருக்கும் ஒரு என்சைமின் அளவு. சாமிக்குப் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. நம்பர் இறங்க வேண்டும் என்று ஆசிரமமே விரதம் இருந்தது. போன தடவை நம்பர் இறங்கியதும் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தார்கள். இந்தத் தடவை சீடர்கள் சமையற்கட்டுக்கு வந்து குற்றவாளியைத் தேடினார்கள்.

சமையலைப் பார்த்துக்கொள்ளும் புனிதவதி கரண்டியைக் கீழே வைத்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

டாக்டர் உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லையாம். நோய் முற்றினாலும் ஏறுமாம். புது ஊசி வேலை செய்து எலும்பு ஆற ஆரம்பித்தாலும் முதலில் ஏறலாமாம். நம்பரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாதாம். சாமிக்கு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வலியே இல்லைன்னு சொன்னேன்.”

“சாமியைக் கேட்டீங்களா?”

“உடம்பைக் கடந்தவர்கிட்ட உடம்பைப் பத்திக் கேக்கறதா? இங்கே அந்த வழக்கம் கிடையாது.”

“ஊசியைக் குத்தி ரத்தம் எடுக்கலாம். வாயைத் திறந்து கேக்கக் கூடாது. ரொம்ப நல்ல வழக்கம்.”

வலியே இல்லை என்று இவர் சொன்ன பிறகு டாக்டர் வலிக்கு மருந்து எழுதுவாரா? எழுதவில்லை.

புனிதவதி கையைத் துடைத்துக்கொண்டு சாமியின் அறைக்குப் போனாள். தடுப்பதற்காக எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். தடுக்கத்தான் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

சாமி வலது பக்கமாகப் படுத்திருந்தார். பெரிய உடம்பு. நெற்றியெல்லாம் வேர்வை.

“சாமி, வலிக்குதா?”

சதானந்தம் காதைப் பொத்திக்கொண்டார்.

சாமி கண்ணைத் திறந்தார். “வலிக்குதும்மா. இந்த இடுப்பு. படுக்க முடியலை.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சாமி.”

“சொன்னேனே. அதைத்தான் வெள்ளிக்கிழமை பஜனையில பாடறாங்க.”



சாமி மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார்: “என்னை இடது பக்கமாத் திருப்பிப் படுக்க வைங்க.”

சதானந்தத்துக்குப் புல்லரித்தது. இடது பக்கம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கைகளைக் குவித்தார், கண்களை மூடினார், தரையில் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

புனிதவதி சாமியின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். உடம்பு அசையவில்லை.

“அண்ணா, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க. என் ஒருத்தியால தூக்க முடியலை.”