மாசானத்தின் மஞ்சள் புள்ளி

மீன்கள் நாளெல்லாம் வாயாடித் திரிந்த அந்தக் காலத்தில், கரையே தெரியாத ஏரி ஒன்று இருந்தது. வெயில் அதற்குள் பட்டை பட்டையாக, அவசரமே இல்லாமல் இறங்கும். அடியில் வெள்ளை மணல். நடுநடுவே பாசி படர்ந்த பாறைகள். அந்தப் பாறைச் சந்துகளில்தான் சிக்லிட் மீன்கள் குடியிருந்தன. நம்ம ஊர் ஜிலேபிக் கெண்டைக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான், ஆனால் அழகைக் கேட்கவே வேண்டாம். ஆணும் நீலம், பெண்ணும் நீலம். மாமியார்க்காரி மருமகளைப் பார்த்து, "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு அசடு வழிவது அங்கே அன்றாடக் கூத்து.

அந்தக் கூட்டத்தில் மாசானம் என்று ஒருவன். தங்கமானவன். ஆனால் பராக்குப் பார்க்க ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அவன் பெண்டாட்டி குருவம்மா மணலில் குழி பறித்து, முதல் முறையாக முட்டையிட்டிருந்தாள். ஊர் வழக்கப்படி இருவரும் மாறி மாறிக் காவல் நின்றார்கள். ஒருவர் குழிமேல் நிற்க, மற்றவர் பாசி மேய்ந்துவிட்டு வருவார். வந்தவர் வாலால் இரண்டு தட்டுத் தட்டினால், நின்றவர் கிளம்பலாம்.

ஒரு மத்தியானம் மாசானம் காவலில் இருந்தான். மேலே வெயில் நெளிந்து நெளிந்து மணலில் கோலம் போட்டது. அதிலேயே லயித்துப்போய் நின்றான். முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. ஓரக்கண்ணில் நீலம் தெரிந்தது. "வந்துட்டியா புள்ள? நான் வாரேன்" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

பாறைக்குப் போனால், அங்கே குருவம்மா நிதானமாகப் பாசி மேய்ந்துகொண்டிருக்கிறாள்!

"இங்க என்ன செய்யிறீங்க மச்சான்? குழியில யாரு?"

"நீதானே வந்து தட்டினே?"

"நானா? ஐயோ, பாவி மனுசா!"

இருவரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். குழி துடைத்துவிட்ட மாதிரி காலியாகக் கிடந்தது. எவனோ ஒரு தின்னிப்பயல், அதே நீலம், அதே வால், வயிற்றை நிரப்பிக்கொண்டு போயேபோய்விட்டான். குருவம்மா கத்தவில்லை. அவனை ஏறிட்டுப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கட்டினவளை அடையாளம் தெரியாதா உங்களுக்கு?"

மாசானத்துக்கு அங்கேயே செத்துவிடலாம் போல் இருந்தது. அதற்கப்புறம் அவள் அவனிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த முறை முட்டையிட்டபோது குருவம்மா குழியையும் நம்பவில்லை, புருசனையும் நம்பவில்லை. இட்ட முட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாய்க்குள் போட்டுக்கொண்டாள்.

"அடியே, தின்னுட்டியா!" என்று அலறினான் மாசானம்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் முட்டை சிந்திவிடுமே! உப்பின கன்னத்தோடு ஒரு பாறைப் பொந்துக்குள் போய் ஒண்டிக்கொண்டாள். நீலமாக எது கிட்டே வந்தாலும் உள்ளே பதுங்கினாள். அவன் வந்தாலும் அதே கதிதான். எல்லாம் ஒரே நீலம், எதை நம்புவது?

நாட்கள் போயின. வாயைத் திறக்காதவள் எப்படிச் சாப்பிடுவாள்? உடம்பு இளைத்தது. நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, கடைசியில் மணல் நிறம்தான் மிஞ்சியது. மாசானம் தூர நின்று பார்த்துப் பார்த்து உருகினான். என் கவனப்பிசகுக்கு இவள் பட்டினி கிடக்கிறாளே என்று தன்னையே நொந்துகொண்டான்.

இந்தச் சமயம் பார்த்து, மீசையை நீட்டிக்கொண்டு ஒரு கெளுத்தி வந்து சேர்ந்தது. "முட்டை வாசனை வருதே, எங்கே? எங்கே?" என்று மணலைத் தடவிக்கொண்டே, நேராகக் குருவம்மாவின் பொந்தை நோக்கி நகர்ந்தது. ஒரு முட்டு முட்டினால் போதும், அவள் வாய் திறந்துவிடும்.

மாசானம் யோசிக்கவில்லை. பாறையடியில் மஞ்சள் களிமண் இருந்தது. அதில் போய் அடிவயிற்றுத் துடுப்பை அழுத்திப் புரண்டான். வாலுக்கு முன்னால் உருண்டை உருண்டையாக நாலைந்து புள்ளி ஒட்டிக்கொண்டது. அச்சு அசல் முட்டை! நேரே கெளுத்தியின் மூக்குக்கு முன்னால் போய்த் துடுப்பை விரித்துக் காட்டினான்.

"மாமோய்! முட்டை எங்கிட்டே இருக்கு. முடிஞ்சா பிடி!"

அவ்வளவுதான், கெளுத்தி துரத்தியது. அவன் உடம்பின் நீலமெல்லாம் பளபளக்கப் பாறைக்குப் பாறை பாய்ந்தான். வெயில் பட்டைகளுக்குள் புகுந்து, வெளியே வந்து, மறுபடி புகுந்து, ஏரியின் அந்தக் கோடி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். கடைசியில் கெளுத்தி எட்டிக் கவ்வியது. துடுப்பு கிழிந்தது. ஆனால் வாயில் வந்ததோ மண்! "சீச்சீ, தூ!" என்று துப்பிவிட்டுப் போன கெளுத்தி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

கிழிந்த துடுப்பில் ஒற்றைப் புள்ளி மட்டும் மிஞ்சியிருக்க, மாசானம் மெல்லத் திரும்பி வந்தான். பொந்தின் முன்னால் வேடிக்கை பார்க்க ஒரு நீலக் கூட்டமே கூடியிருந்தது. அவனும் அதில் ஒருவனாக ஒதுங்கி நின்றான். உள்ளேயிருந்து குருவம்மா எட்டிப் பார்த்தாள். நீலம், நீலம், எல்லாம் நீலம். ஒரே ஒருத்தனுக்கு மட்டும் துடுப்பில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

பெற்றவள் மனசு கேட்குமா? "ஐயோ, என் முட்டை ஒண்ணு வெளியே விழுந்திடுச்சே" என்று மனசுக்குள் பதறி, விர்ரென்று வந்து அதைக் கவ்வினாள். வாயெல்லாம் களிமண். திறந்த வாயிலிருந்து முட்டை சிந்தவில்லை. எள்ளளவு எள்ளளவாகக் குஞ்சுகள் நீந்தி வந்தன.

குருவம்மா கிழிந்த துடுப்பைப் பார்த்தாள். மண்ணைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது.

"நீங்கதானா மச்சான்?" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. "இனி எந்தக் கூட்டத்திலும் உங்களை நான் தவறவிட மாட்டேன்."

"நானும்தான் புள்ள" என்றான் மாசானம். "ஊரெல்லாம் நீலமா நிக்கட்டும். என்னால வெளுத்தவ நீ ஒருத்திதானே."

அவர்கள் பெற்ற ஆண்பிள்ளைகள் நீல உடம்பும் மஞ்சள் புள்ளியுமாக வளர்ந்தார்கள். பெண்பிள்ளைகள் மணல் நிறத்தில் வளர்ந்தார்கள். கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குனிந்து, "இதில் எது ஆண், எது பெண்?" என்று கேட்கிறவர்களுக்கு வண்ணமீன் கடைக்காரர் அடித்துடுப்பின் புள்ளியைக் காட்டுவது அந்த நாளிலிருந்துதான். முட்டையைப் பொறுக்கி வாயில் வைத்த பெண்மீன், வீட்டுக்காரன் துடுப்பிலிருக்கும் புள்ளியையும் ஒரு தரம் கவ்விப் பார்ப்பதும் அன்று முதல்தான்.