தாடிமேல் செய்த சத்தியம்

யோர்தான் நதிக்கு மேற்கே, மலைக்காட்டில் பன்னிரண்டு ஆட்டு மந்தைகள் இருந்தன. எல்லாம் ஒரே பாட்டன் கிடாவின் வாரிசுகள். அதனால்தானோ என்னவோ, ஓயாமல் சண்டை.

பன்னிரண்டிலும் சிறியது இடக்கொம்பு மந்தை. மற்ற ஆடுகள் வலது கொம்பால் முட்டும். இவை இடது கொம்பால் முட்டும். ஓநாய் வந்தால் பன்னிரண்டு மந்தைகளும் சுனைக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும். வரிசையின் இடது கோடி இடக்கொம்புக்காரர்களுடையது. அந்தப் பக்கம் வந்து வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஓநாயே கிடையாது.

ஒருநாள் வேறு மந்தையைச் சேர்ந்த மில்காள் என்ற ஆடு தண்ணீர் குடிக்க அவர்கள் பக்கம் போனாள். இடக்கொம்பு மந்தையின் போக்கிரிக் கிடா கேரா அவளை முட்டித் தள்ளினான். மில்காளின் முன்னங்கால் ஒடிந்தது.

மற்ற பதினொரு மந்தையாரும் கொதித்தெழுந்து, கேராவை ஒப்படைக்கச் சொன்னார்கள். தப்பே செய்தாலும் அவன் எங்கள் பிள்ளை என்று இடக்கொம்பு மந்தை மறுத்துவிட்டது. பிறகென்ன, மூன்று நாள் முட்டல் மோதல். தோற்றுப்போன சிறு மந்தையை வறண்ட பாறைக்கு விரட்டினார்கள்.

அதோடு விட்டார்களா? மந்தைகளின் தலைவர் எல்தாத் சுனைக்கல்லின்மேல் ஏறி நின்று எல்லோரையும் சத்தியம் செய்ய வைத்தார். இனி அந்த மந்தைக்கு யாரும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தாடி உதிர்ந்துபோகும். ஆட்டுக்குத் தாடியைவிடப் பெரிய சொத்து ஏது? மில்காள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை.

ஒரு மாதம் கழித்து ஓநாய் வந்தது. இடது கோடி காலியாகக் கிடப்பதைப் பார்த்து அதற்கே ஆச்சரியம். நேராக உள்ளே புகுந்து மில்காளின் குட்டியை வாலில் கவ்வியது. பாதி வாலை விட்டுவிட்டுக் குட்டி தப்பியது.

"மீதிக்கு நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு ஓநாய் போனது.

எல்தாத் உட்கார்ந்து அழுதார். "பன்னிரண்டுல ஒரு மந்தை குறைஞ்சு போச்சே! எந்தப் பாவி செஞ்ச வேலை இது?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். திரும்ப அழைக்கலாம் என்றால் சத்தியம் குறுக்கே நின்றது. ஆளுக்கு ஆள் தாடியைத் தடவிக்கொண்டார்கள். ஒடிந்த காலோடு குட்டியைக் கூட்டிக்கொண்டு ஓடவும் முடியாத மில்காள் நொண்டி நொண்டி முன்னே வந்தாள்.

"கொடுக்கக் கூடாதுன்னுதானே சத்தியம்? அவங்களே திருடிக்கிட்டா?"

எல்தாத்தின் அழுகை சட்டென்று நின்றது.

பாறைவரை நொண்டிப் போய்ச் செய்தி சொன்னதும் மில்காள்தான். மறுநாள் காலை பதினொரு மந்தைகளும் சுனைக்கு முதுகைக் காட்டி நின்று மேகங்களை ரசித்தன. ஒரு மாதமாகப் பாறைப் பனியை நக்கிப் பிழைத்த இடக்கொம்புக்காரர்கள் எலும்பும் தோலுமாக பதுங்கிப் பதுங்கி வந்தார்கள். தண்ணீரைத் திருடினார்கள். புல்லைத் திருடினார்கள். "ஐயோ, திருட்டு!" என்று எல்தாத் கடமைக்குக் கத்தினார். வடக்குப் பக்கத்துப் புல் இளசு, அதைத் தொட்டுவிடாதீர்கள் என்று வழியும் காட்டினார். கடைசியில் வரிசையின் இடது கோடியையும் திருடிக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டார்கள்.

மீதி வாலுக்கு வந்த ஓநாய் இடது பக்கமாகப் பாய்ந்தது. கேராவின் கொம்பால் ஒரே ஒரு குத்து. வந்த வேகத்தைவிட வேகமாகத் திரும்பி ஓடியது.

ஒரு தாடிகூட உதிரவில்லை என்று எல்தாத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. இவ்வளவு நல்ல யோசனையை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று மில்காளைக் கடிந்துகொண்டார்.

"என் காலுக்காகத்தானே இத்தனை சண்டையும்?" என்றாள் மில்காள். "உனக்கு என்ன வேணும்னு யாராவது என்னைக் கேட்டீங்களா? இந்தக் கேரா வந்து மன்னிப்புக் கேட்டா போதும்னு அன்னைக்கே சொல்ல வந்தேன்."

கேரா தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம்தான் ஆனது.

நியாயம் கேட்க ஆவேசமாகக் கிளம்புகிறவர்கள், முதலில் அடிபட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.