அறவாழி வீட்டு விருந்து

கல்லாத்துப்பட்டிக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு சின்ன மடம். அதில் இருந்தவர் சிவகாமவல்லி அம்மையார். அவருடைய சீடர் அறவாழி வயதில் அவருக்கு மூத்தவர். பேச்சில் ஊருக்கே மூத்தவர்.

நகரத்தில் பெரிய ஹோட்டலில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லாத்துப்பட்டியில் வீடு கட்டிக் குடியேறியதும், ஊருக்கு நல்லது செய்யும் ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. பிழைப்பில்லாமல் இளவட்டங்கள் எல்லாம் திருப்பூருக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். சுற்றுலா ஆட்கள் வந்து தங்கினால் நாலு குடும்பம் ஊரிலேயே பிழைக்கும். அறவாழி ஒரு சுற்றுலாக் கம்பெனியிடம் பேசி, முதல் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். அது சொதப்பினால் இனி ஒருத்தரும் வரமாட்டார்கள்.

வியாழக்கிழமை மூச்சிரைக்க மடத்துக்கு ஏறி வந்தார்.

"அம்மா, ஒத்திகைக்கு யாருமே வரலை. ஒரே ஒருத்தர் வந்தார். அவரும் ரேஷன் போடறாங்கன்னு நினைச்சு வந்தவர்."

"எதுக்கு ஒத்திகை?"

"விருந்தாளியை வரவேற்கத்தான். எங்கே நிக்கணும், எப்படிக் கும்பிடணும், எவ்வளவு சிரிக்கணும், என்ன சமைக்கணும், எல்லாத்தையும் நானே யோசிச்சு வச்சிருக்கேன். அவங்க ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட மாட்டேங்கறாங்க. சொந்த ஊர் மேலயே அக்கறை இல்லாத ஜனங்க!"

"நாளைக்கு உங்க வீட்டுக்குச் சாப்பிட வரட்டுமா?" என்றார் அம்மையார்.

அறவாழிக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியே இறங்கி வீட்டுக்கு ஓடினார்.

மறுநாள், மடத்தில் தங்கியிருந்த இரண்டு யாத்ரீகர்களையும் கூட்டிக்கொண்டு அம்மையார் வந்தார். "வாங்க" என்று அறவாழி வாயெடுப்பதற்குள், அம்மையாரே முதலில் உள்ளே நுழைந்து, திரும்பி நின்று, அந்த இருவரையும் கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. இதுதான் அறவாழி வீடு. ரொம்ப வெள்ளந்தியான மனுஷங்க."

அறவாழியின் சாய்வு நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்தார். பிறகு அறவாழியைப் பார்த்து, "நீங்க அந்த மூலையில நில்லுங்க. கையைக் கட்டாதீங்க. சிரிங்க. இன்னும் கொஞ்சம்" என்றார்.

அறவாழியின் மனைவி தையல்நாயகி சாம்பாரோடு வந்தார்.

"அதை உள்ள வச்சிடுங்க. கேப்பக்களி கிண்டுங்க. கிராமத்து வீடுன்னா களிதான் எடுப்பா இருக்கும்னு முடிவு பண்ணிட்டேன்."

"இந்த வீட்டுல களி கிண்டினதே இல்லைங்களே அம்மா."

"நான் சொல்லித் தர்றேன்" என்ற அம்மையார், பூஜையறைக் கதவைத் திறந்துவிட்டார். "இங்கே நின்னு படம் எடுத்துக்கலாம்."

யாத்ரீகர்கள் கூச்சத்தில் நெளிந்தார்கள். தையல்நாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அறவாழியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அம்மா! இது என் வீடு!"

"யார் இல்லைன்னா? உங்க வீட்டு விருந்துதானே நடக்குது. நீங்கதான் ஒரு வேலையும் பாக்காம மூலையிலயே நிக்கிறீங்க. கொஞ்சமாவது அக்கறை வேண்டாமா?"

அறவாழி மூலையை விட்டு வந்து, தானே இலை போட்டுச் சாம்பாரைப் பரிமாறினார். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஊர்ச் சாவடிக்குப் போனார். "ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிங்க வராங்க. என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ஊரே ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது.

திங்கட்கிழமை மடத்துக்கு வந்தபோது அவர் முகம் தொங்கிப் போயிருந்தது.

"கூட்டம் வரலையா?"

"வந்துச்சு. அடுத்த மாசமும் வர்றோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. யார் எந்த வீட்டுல தங்கறது, எதைக் காட்டறது, எதைக் காட்டக் கூடாது, எல்லாத்தையும் ஊரே முடிவு பண்ணிடுச்சு."

"அப்புறம் என்ன?"

"எனக்கும் ஒரு வேலை குடுத்தாங்கம்மா. விருந்தாளிங்க பையைக் கடிச்சுத் தின்னுடாம, ஊர் ஆட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டுப் போய் ஓடைப் பக்கம் வச்சுக்கணும். பொழுதுக்கும் அதுங்க பின்னாடியே ஓடினேன். ஹோட்டல் மேனேஜரா இருந்தவன் நான்! எனக்குப் போய் ஆட்டைக் குடுத்தாங்களே?"

அம்மையார் சொன்னார்: "ஊர்ல இருக்கிற அத்தனை ஆட்டையும் உங்களை நம்பிக் குடுத்தாங்க. நீங்க அவங்க சிரிப்பைக்கூட அவங்களை நம்பி விடலையே."