முத்திரை குத்திய சீட்டு

எனக்குக் கெடுதல் செய்தவர் போஸ்ட் மாஸ்டர் தியாகேசன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

துபாயில் செத்துப்போன என் மகனின் துணிமணி பார்சலில் வந்திருந்தது. ஏழு நாளில் வாங்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் அடையாள அட்டையோ வெள்ளத்தில் போய்விட்டது. ஆறு நாள் போஸ்ட் ஆபீசுக்கு நடந்தேன்.

"நீதான் முத்திருளாண்டின்னு எவன் சொன்னான்? அத்தாட்சி கொண்டா" என்பார் தியாகேசன்.

ஏழாம் நாள், "தர முடியாதுன்னு எழுதிக் குடுங்கய்யா, அனுப்பின கம்பெனிக்குக் காட்டணும்" என்றேன்.

வீறாப்பாக எழுதினார்: 'முத்திருளாண்டி இன்று நேரில் வந்து பார்சல் கேட்டார். அத்தாட்சி இல்லாததால் தரவில்லை.' முத்திரையும் குத்தினார்.

எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, சீட்டை அவரிடமே நீட்டினேன்.

"முத்திருளாண்டி நேர்ல வந்தான்னு சர்க்கார் முத்திரையே சொல்லுதே அய்யா. இதுக்கு மேல என்ன அத்தாட்சி?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பார்சலை என் பக்கம் தள்ளினார்.

அடிப்பக்கம் ஈரம். ஏழு நாளும் மழை ஒழுகும் ஜன்னலடியில் போட்டு வைத்திருக்கிறார். வீட்டில் என் மனைவி மகன் சட்டையை முகர்ந்து பார்த்தாள். பூஞ்சை நாற்றம்தான் அடித்தது. அவன் வாசம் இல்லை.

தியாகேசன் இப்போது ஓய்வு பெற்று, தினமும் என் வாசல் வழியாக நடந்து போகிறார். தப்புதான் என்று ஒரு வார்த்தை இன்னும் சொல்லவில்லை.