துடைக்காத கால்

"இந்த வருஷம் எனக்குத் தீட்சை வேண்டாம், அம்மா" என்றார் மெய்யநாதன்.

அறுபது வயதுக்காரர். தீட்சைக்காக நான்கு வருஷம் காத்திருந்தவர். குருவான தேனம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குருபூஜை அன்று, தீட்சை பெறுகிறவரின் காலைக் குருவே கழுவிவிடுவார்.

தேனம்மை அவர் காலைப் பார்த்தார். சித்திரை வெயிலிலும் மெய்யநாதன் காலுறை போட்டிருந்தார்.

"கழட்டுங்க."

மெய்யநாதனுக்கு அவமானமாக இருந்தது. கழற்றினார். பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து, நுனியில் உதிர்ந்துகொண்டிருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். சுரண்டி டெஸ்ட் பண்ணிட்டு, பூஞ்சைன்னு சொன்னார். தினம் தடவ மருந்து குடுத்தார். மூணு மாசம் தடவினேன். ஒண்ணும் ஆகலை. போன வாரம் விட்டுட்டேன்."

"ம்."

"இந்த மடத்துல என்னை மாதிரி யார் கால் கழுவுறாங்க? உள்ளே வர ஒவ்வொரு தடவையும் கழுவுறேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. எனக்குப் போய் இப்படியா?"

"துடைப்பீங்களா?"

மெய்யநாதன் திடுக்கிட்டார். "தீர்த்தக் கிணத்துத் தண்ணி. அதை யாராவது துடைப்பாங்களா?"

"ஈரத்தோட இந்தக் காலுறையை மாட்டிக்குவீங்க."

"வேற எப்படி மறைக்கிறது?"

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். தேனம்மை சிரிக்கவில்லை.

"கண்ணாடியைப் போடுங்க. நகத்தோட அடியைப் பாருங்க."

மெய்யநாதன் குனிந்தார். மூன்று மாதமாக நுனியை மட்டுமே பார்த்துக் கவலைப்பட்டவர் அவர். அடியில், தோலை ஒட்டி, அரை அரிசி அளவுக்குப் புது நகம் மஞ்சள் இல்லாமல் தெளிவாக இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"தெரியாது, அம்மா."

"மருந்து எங்கே?"

"பெட்டியில."

"எடுத்துத் தடவுங்க."

"முழுசா வளர ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்னார் டாக்டர். அப்போ அடுத்த குருபூஜைக்கு..."

"வெள்ளிக்கிழமை குருபூஜைக்கு வந்துடுங்க" என்று தேனம்மை எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். மூத்தவர் என்பதால் மெய்யநாதன்தான் முதல். தேனம்மை தாம்பாளத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

மெய்யநாதன் காலுறையைத் தானே கழற்றினார்.

எல்லோரும் பார்த்தார்கள். அவருக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

தேனம்மை அந்தக் காலைக் கழுவினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தார். ஒவ்வொரு விரல் இடுக்கிலும் துண்டை விட்டுத் துடைத்தார்.

"அம்மா! தீர்த்தம்..."

"கழுவத்தான் வந்துச்சு. தங்க வரலை."

அடுத்தவர் ஆவுடையப்பன். கல் தடுக்கிவிட்டது என்று சொல்லி இரண்டு வருஷமாகப் பெருவிரலில் கட்டுப் போட்டிருப்பவர். அந்தக் கல்லை யாரும் பார்த்ததில்லை. அவர் தாம்பாளத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டை அவிழ்த்தார்.

மூன்றாவதாக இருந்த கோமதி, நகத்தில் அப்பியிருந்த மருதாணியைச் சுரண்ட ஆரம்பித்தார்.

நான்காமவர் சும்மா காலை நீட்டினார். ஐந்தாமவரும்தான். இருவரும் மற்றவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்து மஞ்சள் நகங்கள்.

எல்லோரும் துடைக்காத காலோடு நடக்கும் ஈரத்தரையைத் தேனம்மை பார்த்தார். கையிலிருந்த துண்டைப் பார்த்தார். அதை மெய்யநாதன் மடியில் வைத்தார்.

"மடத்துல வேற துண்டு இருக்கா?"

"இது ஒண்ணுதான், அம்மா."

"ஆளுக்கு ஒண்ணு வேணும். நீங்களே போய் வாங்கிட்டு வாங்க."

மெய்யநாதன் கடைக்குக் கிளம்பினார். தெருக்கோடி வரை போன பிறகுதான், காலுறையை மறந்துவிட்டது அவருக்கு நினைவு வந்தது. திரும்பவில்லை.